கேம்பர் டிரெய்லரில் 'டொங்... டொங்' சத்தமா? ரேடியோவைக் கூட்டாதீங்க, கொக்கியைக் கவனிங்க!

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் அப்பாவும் அம்மாவும். கோடை விடுமுறை. மருமகன் புதிதாக ஒரு சின்ன கேம்பர் டிரெய்லர் வாங்கியிருக்கிறார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்பக்கக் கதவைத் தூக்கினால் குட்டி சமையலறை. அதை எஸ்.யூ.வி-யின் பின்னால் மாட்டிக்கொண்டு, கூடவே ஒரு கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு, சாக்ரமென்டோவிலிருந்து வடக்கே லாசென் எரிமலைத் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறது குடும்பம். வெளிநாடு வாழ் தமிழ்க் குடும்பங்களில் இப்போது சாதாரணமாகிவிட்ட காட்சி இது. அப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதுமே பின்னாலிருந்து சத்தம் ஆரம்பிக்கிறது. பிரேக்கைத் தொட்டால் 'டொங்'. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னொரு 'டொங்'. கான்கிரீட் சாலையின் ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது 'டக டக'.

"என்னங்க, குழந்தை தூக்கத்துல திடுக்கிட்டு முழிக்கிறா. அது என்ன சத்தம்?" என்கிறார் மனைவி.

"டிரெய்லர்னா அப்படித்தான் வரும். பாட்டு போட்டா கேக்காது" என்கிறார் கணவர்.

பின் சீட்டில் இருக்கும் மாமனார் ஊரில் டிராக்டர் வைத்து விவசாயம் பார்த்தவர். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரையும், காலி டிரெய்லரையும் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவார். "மாப்ளே, கொக்கியில ஆட்டம் இருக்கு. அடுத்து நிறுத்துற இடத்துல ஒரு தடவை பாத்துடுங்க" என்கிறார்.

இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதுமே சரிதான். டிரெய்லர் இழுக்கும்போது கொஞ்சம் சத்தம் வருவது இயல்பு. ஆனால், எந்தச் சத்தம் இயல்பானது, எது எச்சரிக்கை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் பாட்டைக் கூட்டிவைப்பது ஆபத்து.

சத்தம் எங்கே பிறக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் காரையும் டிரெய்லரையும் இணைப்பது ஒரே ஒரு கொக்கி போலத் தெரியும். உண்மையில் அங்கே பல பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கின்றன.

முதலாவது, காரின் அடிப்பகுதியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்ட 'ரிசீவர்' என்ற சதுரக் குழாய். சின்ன கார்களில் இதன் உள் அளவு 1 1/4 அங்குலம், எஸ்.யூ.வி மற்றும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் 2 அங்குலம். இரண்டாவது, அந்தக் குழாய்க்குள் நுழையும் சதுரத் தண்டு. இதற்கு 'பால் மவுன்ட்' என்று பெயர். மூன்றாவது, குழாயையும் தண்டையும் சேர்த்துக் குறுக்கே கோர்க்கும் 'பின்'. நான்காவது, தண்டின் நுனியில் நிற்கும் இரும்புக் குண்டு. ஐந்தாவது, அந்தக் குண்டின் மேல் தொப்பிபோல உட்கார்ந்து, கீழிருந்து தாடையால் கவ்விப்பிடிக்கும் 'கப்ளர்'. இது டிரெய்லரின் பாகம்.

தண்டு குழாய்க்குள் போய்வர வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். பின் நுழையவும் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். கப்ளர் குண்டின் மேல் சுழலவும் இடம் வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆனால், வண்டி ஓடும்போது அந்த இடைவெளிக்குள் டிரெய்லரின் மொத்த எடையும் முன்னும் பின்னும் போய் இடிக்கிறது. இரும்போடு இரும்பு மோதுகிறது. காரின் சட்டம் அந்தச் சத்தத்தை அப்படியே உள்ளே கடத்திவிடுகிறது. நம் ஊரில் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும் டிராக்டர் தெருமுனையில் வரும்போதே கேட்கும் அந்த 'கடகட'வுக்கும் காரணம் இதேதான். துளைக்குள் ஆடும் பின்.

சின்ன டிரெய்லர் ஏன் அதிகம் கத்துகிறது?

பெரிய டிரெய்லரைவிடச் சின்ன டிரெய்லர்தான் பல நேரங்களில் அதிகச் சத்தம் போடும். இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, கொக்கியின் மேல் இறங்கும் எடை. டிரெய்லரின் முன்பகுதி காரின் குண்டை எவ்வளவு எடையோடு கீழே அழுத்துகிறது என்பதை 'டங் வெயிட்' என்பார்கள். இந்த எடை போதுமான அளவு இருந்தால், தண்டு குழாயின் சுவரோடு அழுந்தியே நிற்கும். எடை குறைந்தால், சாலையில் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் தண்டு மேலே எழும்பி மறுபடி விழும். அதுதான் 'டக டக'.

இரண்டு, பிரேக். சின்ன கேம்பர்கள் பலவற்றில் டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருக்காது. கார் பிரேக் போட்டதும் பின்னால் வரும் டிரெய்லர் காரை முன்னே தள்ளும். மறுபடி கிளம்பும்போது கார் டிரெய்லரை இழுக்கும். தள்ளலுக்கும் இழுப்புக்கும் நடுவே அந்த ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி கடக்கப்படும்போது வருவதுதான் 'டொங்'.

சத்தத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம்

கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் 'டொங்' என்று வந்தால், ஆட்டம் முன்பின்னாக இருக்கிறது. பின் துளை, கப்ளரின் பிடி, குண்டின் நட்டு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

மேடு பள்ளத்தில் 'டக டக' என்றால், தண்டு குழாய்க்குள் மேலும் கீழும் ஆடுகிறது. டங் வெயிட் குறைவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

மெதுவாகத் திருப்பும்போது 'கிரீச்' என்றால், குண்டு காய்ந்து போயிருக்கிறது.

தொடர்ந்து கலகலவென்று சலங்கைச் சத்தம் வந்தால், அது பெரும்பாலும் சேஃப்டி செயின்.

வண்டி நிற்கும்போதே சோதிக்கவும் வழி உண்டு. சமதளத்தில் நிறுத்தி, எஞ்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பிறகு ஒருவர் டிரெய்லரின் முன்பகுதியைப் பிடித்து முன்பின்னாகவும் மேல்கீழாகவும் அசைக்க, இன்னொருவர் குனிந்து பார்த்தால் எந்த இணைப்பு ஆடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் இதைச் செய்யக் கூடாது. ரெஸ்ட் ஏரியாவோ, பெட்ரோல் பங்கின் வாகன நிறுத்துமிடமோதான் சரியான இடம்.

முதல் வேலை... எடையைச் சரிபாருங்கள்

கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. அமெரிக்காவில், சாமான்கள் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் டங் வெயிட்டாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உதாரணமாக, சாமான்களோடு சேர்த்து 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ எடையுள்ள கேம்பர் என்றால், கொக்கியின் மேல் 68 முதல் 102 கிலோ வரை இறங்க வேண்டும்.

இதை அளக்க வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் மெஷினே போதும். சமதளத்தில், டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, கப்ளர் வழக்கமாக நிற்கும் உயரத்தில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் அடியில் மெஷினை வைத்தால் எடை தெரிந்துவிடும். அந்த எடை காரின் கொக்கி தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணீர்த்துளி வடிவச் சின்ன கேம்பர்களில் ஒரு சிக்கல் உண்டு. சமையலறை பின்பக்கம் இருப்பதால் ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், அடுப்பு, அரிசி, மளிகை என்று எல்லாக் கனமும் பின்னால் போய்விடும். முன்பக்கம் லேசாகிவிடும். சத்தம் மட்டுமல்ல, இதனால் பெரிய ஆபத்தும் உண்டு. டங் வெயிட் குறைந்த டிரெய்லர் வேகமெடுத்ததும் வால் ஆட்டுவதுபோல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் கட்டுக்கு மீறினால் காரையும் இழுத்துக்கொண்டு கவிழும். எனவே, கனமான சாமான்களைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிச் சத்தம் அடங்கிவிடுவதும் உண்டு.

இரண்டாவது வேலை... குண்டும் கப்ளரும்

அமெரிக்காவில் 1 7/8 அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என மூன்று அளவுகளில் குண்டுகள் பரவலாகக் கிடைக்கின்றன. கப்ளரின் மேல் எந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கிறதோ, அதே அளவுதான் குண்டின் தலையிலும் இருக்க வேண்டும். 2 அங்குலக் கப்ளரை 1 7/8 அங்குலக் குண்டின் மேல் வைத்தாலும் உட்கார்ந்துவிடும். பூட்டியதுபோலவும் தெரியும். 'லொட லொட' என்று சத்தமும் வரும். ஆனால், ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்து எழும்போது கழன்றுவிடலாம். இந்தச் சத்தத்துக்கு மருந்து கிரீஸ் அல்ல, சரியான குண்டு.

அளவு சரியென்றால், அடுத்தது குண்டின் கீழே இருக்கும் பெரிய நட்டு. இது தளர்ந்திருந்தால் குண்டே ஆடும். குண்டுத் தண்டின் கனத்தைப் பொறுத்து எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மாறும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் சாதாரண ஸ்பேனரில் அந்த இறுக்கம் வராது. ரெஞ்ச் இல்லாதவர்கள் டிரெய்லர் கடையில் கொடுத்து இறுக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, கப்ளரின் தாடை. பல கப்ளர்களில் அடிப்பக்கம் ஒரு சரிசெய்யும் நட்டு இருக்கும். கப்ளரைக் குண்டின் மேல் உட்காரவைத்து, பூட்டி, ஆட்டம் நிற்கும்வரை அந்த நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் தாடை முழுதாக மூடாது, பூட்டும் விழாது. கைப்பிடியைக் கையாலேயே, சற்று அழுத்தி மூடவும் திறக்கவும் முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

பூட்டியபின் ஒரு பரிசோதனை. டிரெய்லரின் முன் ஜாக்கைச் சுற்றிக் கப்ளரை மேலே தூக்க வேண்டும். காரின் பின்பகுதியும் சேர்ந்து எழும்பினால் கப்ளர் குண்டைக் கவ்வியிருக்கிறது. கார் அசையாமல் கப்ளர் மட்டும் எழும்பினால், அது சும்மா மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது என்று அர்த்தம். பரிசோதனை முடிந்ததும் ஜாக்கை முழுதாக ஏற்றிவிட மறக்கக் கூடாது.

திருப்பத்தில் வரும் 'கிரீச்' சத்தத்துக்கு, குண்டைத் துணியால் துடைத்து மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவினால் போதும். அள்ளி அப்பினால் மண்ணும் தூசியும் ஒட்டி, அதுவே உப்புத்தாள்போலத் தேய்க்கும்.

மூன்றாவது வேலை... குழாய்க்குள் ஆட்டத்தை நிறுத்துவது

இதெல்லாம் சரியாக இருந்தும் 'டக டக' நிற்கவில்லை என்றால், தண்டுக்கும் குழாய்க்கும் இடையிலான ஆட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இதற்கென்றே இரண்டு சாதனங்கள் கடைகளில் கிடைக்கின்றன. விலையும் பெரிதாக இருக்காது.

முதல் வகை, ஆன்டி ராட்டில் கிளாம்ப். 'ப' வடிவ போல்ட்டும், ஒரு தட்டும், இரண்டு நட்டுகளும்தான். ரிசீவர் வாயில் தண்டையும் குழாயின் விளிம்பையும் சேர்த்து அணைத்தபடி மாட்டி, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். தண்டு குழாயின் ஒரு சுவரோடு அழுந்தி நின்றுவிடும்.

இரண்டாவது வகை, திருகுப் பின். சாதாரண பின்னுக்குப் பதிலாக மரையுள்ள பின். தண்டின் உட்புறம் ஒரு நட்டு அமரும். வெளியிலிருந்து பின்னைத் திருகும்போது தண்டைக் குழாயின் பக்கச் சுவரோடு இழுத்து இறுக்கும். உட்பக்கம் குடைவாக இருக்கும் தண்டுகளுக்குத்தான் இது பொருந்தும். 2 அங்குல ரிசீவருக்கு 5/8 அங்குலமும், 1 1/4 அங்குல ரிசீவருக்கு 1/2 அங்குலமும் பின்னின் வழக்கமான கனம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிளாம்ப் என்பது சத்தத்தைக் குறைக்க மட்டும்தான். டிரெய்லரைத் தாங்கி இழுப்பது பின்தான். கிளாம்ப் இருக்கிறதே என்று பின்னின் நுனியில் மாட்டும் கிளிப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. புதிதாக மாட்டிய கிளாம்பை முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி, மறுபடி ஒரு முறை இறுக்குவது நல்லது.

செய்யக் கூடாதவை

சைக்கிள் டியூபை வெட்டித் தண்டில் சுற்றுவது, அட்டையையோ மரச் சீவலையோ இடைவெளியில் செருகுவது... இவையெல்லாம் சிலர் செய்யும் கைவைத்தியம். சில மைல்களுக்குச் சத்தம் குறையும். பிறகு நசுங்கி, நழுவி, சாலையில் விழுந்துவிடும். பின்னால் வருபவருக்கும் அது ஆபத்து.

பின் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, குழாயின் மூலையிலோ வெல்டிங்கிலோ கீறல் தெரிந்தாலோ, கிளாம்ப் போட்டுச் சத்தத்தை மறைக்கக் கூடாது. அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

சலங்கைச் சத்தத்தை விடாதீர்கள்

சேஃப்டி செயின்கள் இரண்டையும் கப்ளருக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றால்கூட முன்பகுதி தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கு ஏந்திக்கொள்ளும். திருப்பத்துக்குத் தேவையான தளர்வு வேண்டும். ஆனால், தரையைத் தொடக் கூடாது. நீளம் அதிகமென்றால் செயினை ஓரிரு முறை முறுக்கிவிட்டுக் கொக்கியில் மாட்டுவது சிலர் வழக்கம். அதைவிடச் சரியான நீளமுள்ள செயினாக மாற்றிக்கொள்வதே நல்லது.

தரையில் உரசும் இரும்பு என்ன செய்யும் என்பதை கலிபோர்னியா மறக்கவில்லை. 2018 ஜூலை 23 அன்று, ரெட்டிங் நகரத்துக்கு அருகே ஒரு டிரெய்லரின் டயர் பஞ்சராகி, சக்கரத்தின் இரும்பு விளிம்பு தார்ச் சாலையில் உரசியது. அதிலிருந்து தெறித்த பொறி காய்ந்த புல்லில் பற்றியது. 'கார் ஃபயர்' என்று அழைக்கப்படும் அந்தக் காட்டுத்தீ 2,29,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. 1,000-க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. 8 பேர் உயிரிழந்தனர். டிரெய்லரின் செயின் தரையில் இழுபட்டாலும் இதேபோலப் பொறி பறக்கும். அதனால்தான் அங்கே கோடையில், செயின் தரையில் படாமல் இருக்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வாகன ஓட்டிகளை எச்சரிக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா, ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு...

சிட்னி, மெல்போர்னில் இருப்பவர்களுக்கும் ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கும் வழக்கமான குண்டு 50 மில்லிமீட்டர். ஐரோப்பிய கேரவன்கள் பலவற்றில், குண்டை இரண்டு பக்கமும் உராய்வுப் பட்டைகளால் அழுத்திப்பிடித்து ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கப்ளர் இருக்கும். இந்த வகையில் குண்டின் மேல் கிரீஸ் படவே கூடாது. பட்டால் பிடிமானம் போய்விடும். அங்கே 'கிரீச்' சத்தம் வந்தால் குண்டையும் பட்டைகளையும் சுத்தம் செய்ய வேண்டும்.

கார் பிரேக் போட்டதும் டிரெய்லர் முன்னே தள்ளும் விசையாலேயே வேலை செய்யும் ஓவர்ரன் பிரேக் உள்ள டிரெய்லர்களில், பலமான 'டொங்' வந்தால் அதன் டேம்பர் தேய்ந்திருக்கலாம். இதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மண் சாலைகளில் போகிறவர்கள் பலர், இரும்போடு இரும்பு மோதாமல் நடுவே பாலியூரித்தேன் வைத்த கப்ளர்களைப் பயன்படுத்துகிறார்கள். சத்தம் நன்றாகக் குறையும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

பின்னும் கிளிப்பும் மாட்டியிருக்கிறதா? கப்ளர் பூட்டியிருக்கிறதா? ஜாக் தூக்கிப் பார்த்தாயிற்றா? செயின் குறுக்காக, தரையில் படாமல் இருக்கிறதா? மின் இணைப்பு வயர் தொங்காமல், விளக்குகள் எரிகின்றனவா? டயரில் காற்று இருக்கிறதா? இவ்வளவுதான். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனத்துக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், பயணமும் நிம்மதி, சத்தமும் குறைவு.

மறுபடி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். ரெஸ்ட் ஏரியாவில் வண்டியை நிறுத்துகிறார் மருமகன். மாமனார் டிரெய்லரின் முன்பகுதியைப் பிடித்து அசைக்க, மருமகன் குனிந்து பார்க்கிறார். கப்ளர் ஆடவில்லை. குண்டும் ஆடவில்லை. தண்டு மட்டும் குழாய்க்குள் லேசாக எழும்பி எழும்பி விழுகிறது. பின்னால் சமையலறையில் இரண்டு தண்ணீர் கேன்களும், ஐஸ் பெட்டியும், அத்தை கட்டிக்கொடுத்த புளிசாதப் பாத்திரமும். கனமானவற்றை முன்னே நகர்த்திக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள்.

"மாமா, நீங்க சொல்லலைன்னா நான் பாட்டைத்தான் கூட்டியிருப்பேன்."

"அதில்ல மாப்ளே. இந்தச் சத்தத்துக்குப் பழகிட்டோம்னா, நாளைக்கு நிஜமாவே ஏதாவது கழண்டு புதுசா ஒரு சத்தம் வரும்போது நம்ம காதுல விழாது."

கொக்கிச் சத்தத்தைக் குறைக்க வேண்டிய முக்கியமான காரணம் இதுதான். வண்டி அமைதியாக ஓடினால் குழந்தை தூங்கும். கூடவே, தளரும் நட்டு, காற்று இறங்கும் டயர், தரையைத் தொடும் செயின் எதுவாக இருந்தாலும், அதன் முதல் சத்தமே ஓட்டுபவரின் காதில் விழும்.